கையேட்டிலிருந்து கானகத் திறன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எனக்கு ஒரு சிறு தோட்டம் உண்டு. தீ மூட்டுவது, கயிறு திரிப்பது, மழைக்கு ஒதுங்க இடம் அமைப்பது, திசை அறிவது ஆகியவற்றைப் புத்தகங்களில் படித்து, அந்தத் தோட்டத்தில் செய்து பார்த்து வருகிறேன். இதே ஆர்வத்தோடு கையேடு ஒன்றை வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

புஷ்கிராஃப்ட், உயிர்தப்பும் திறன் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆபத்தில் சிக்கிக்கொண்டவர் மீட்புக் குழு வந்து சேரும்வரை உயிரோடு இருப்பதற்குத் தேவையானது உயிர்தப்பும் திறன். காட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நிதானமாக, கைத்தொழில் போலப் பழகி, வசதியாகத் தங்கக் கற்பது புஷ்கிராஃப்ட் எனப்படும் கானகத் திறன். முன்னதில் நேரம் நமக்கு எதிராக ஓடுகிறது. பின்னதில் நேரம் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான கையேடுகள் இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டித் தருவதால், வில்லால் சுழற்றித் தீ கடையத் தெரிந்தால் ஆபத்தில் தப்பிவிடலாம் என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். ஆபத்து நேரத்தில் உங்களைக் காப்பது பெரும்பாலும் பையில் இருக்கும் தீப்பெட்டிதான்.

புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைக் கற்க முடியுமா?

ஓரளவு முடியும். எதை முதலில் செய்ய வேண்டும், எதற்காகச் செய்ய வேண்டும் என்ற இரண்டையும் புத்தகம் நன்றாகக் கற்றுத் தரும். எந்தப் பொருளைக் கொண்டு செய்வது என்பதை அது கற்றுத் தராது. ஏனென்றால் அது உங்கள் ஊர்க் காட்டைப் பார்த்து எழுதப்பட்டதன்று. நமக்குக் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, வட அமெரிக்கா போன்ற குளிர்நாட்டுக் காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் பிர்ச் மரப்பட்டையும் பைன் பிசினும் வருமே தவிர, பன்னாடையும் பனைநாரும் வருவதில்லை. குளிரால் சாவதைப் பற்றி ஐம்பது பக்கம் இருக்கும். வெயிலால் சாவதைப் பற்றி ஐந்து பக்கம்கூட இருக்காது.

இதை விளக்க இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வது என் வழக்கம். 1992-இல் அலாஸ்காவின் காட்டில் தனியே வாழச் சென்ற கிறிஸ்டோபர் மக்கேண்ட்லெஸ் என்ற இளைஞர், உண்ணத்தக்க தாவரங்களைப் பற்றிய கையேடு ஒன்றைக் கூடவே வைத்திருந்தார். ஒரு செடியின் கிழங்கை உண்ணலாம் என்று அதில் இருந்தது; அதே செடியின் விதையைப் பற்றி எச்சரிக்கை எதுவும் இல்லை. தம் உடல் நலிந்ததற்கு அந்த விதையே காரணம் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். அவர் இறந்ததற்கான காரணம் இன்றும் விவாதிக்கப்படுகிறது என்றாலும், புத்தகம் சொல்லாமல் விட்ட இடம் எவ்வளவு பெரிய பள்ளமாக இருக்க முடியும் என்பதில் ஐயமில்லை. வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்க முடியாமல் அவர் திரும்பிய இடத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே, கையால் இழுத்துக் கடக்கும் கம்பித் தொட்டி ஒன்று இருந்தது. விரிவான வரைபடம் கையில் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை.

மற்றது 2023-இல் கொலம்பியாவில் நடந்தது. மே 1-ஆம் தேதி அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து, அதில் இருந்த பெரியவர்கள் மூவரும் இறந்துவிட, உய்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த நான்கு குழந்தைகள் 40 நாட்கள் அந்தக் காட்டில் உயிரோடு இருந்து மீட்கப்பட்டார்கள். மூத்தவளுக்கு வயது 13, கடைக்குட்டிக்கு அப்போதுதான் ஒரு வயது நிறைந்திருந்தது. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவையும், பிறகு தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த காட்டுப் பழங்களையும் விதைகளையும் உண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கையேடு இல்லை. வீட்டுப் பெரியவர்களோடு காட்டில் நடந்து பெற்ற பழக்கம் இருந்தது. கையேட்டைப் படிக்க வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. அதைப் படித்த கையோடு, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் மண்ணில் செய்து பார்த்துத் திருத்தி எழுதுங்கள் என்கிறேன். என் கையேட்டின் ஓரங்கள் முழுவதும் பென்சில் குறிப்புகள்தான்.

கடையில் கையேட்டைப் புரட்டும்போது அது நல்லதா என்று எப்படி அறிவது?

முதலில் பாம்புக்கடி பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடித்த இடத்தைக் கீறி இரத்தத்தை உறிஞ்சச் சொன்னாலோ, மேலே இறுகக் கட்டச் சொன்னாலோ, அந்தப் புத்தகத்தின் மருத்துவப் பகுதி காலாவதியாகிவிட்டது என்று பொருள். முடிச்சுகளும் கைவேலைகளும் கோட்டோவியமாக இருந்தால் விளங்கும். தாவரங்கள் ஓவியமாக மட்டும் இருந்தால் போதாது.

‘மூன்று விதி’ என்கிறார்களே, அதை நம்பலாமா?

காற்றில்லாமல் 3 நிமிடம், கடுமையான தட்பவெப்பத்தில் பாதுகாப்பில்லாமல் 3 மணி நேரம், நீரில்லாமல் 3 நாள், உணவில்லாமல் 3 வாரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்த விதி. எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை வெயிலில் முட்புதர்க் காட்டில் ஏறி இறங்குபவருக்கு நீரில்லாமல் மூன்று நாள் என்பது நடக்காத கதை. ஒரே பகலில் வெப்பத்தாக்கு வந்து மயங்கிவிடுவார். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் குளிர்நாட்டுக்காரர் கதகதப்பு என்று படிக்கிறார்; நாம் அதை நிழல் என்றும் படிக்க வேண்டும். நண்பகலில் நடக்காமல் நிழலில் ஒடுங்கியிருந்து, காலையிலும் மாலையிலும் வேலை செய்வதே உடலில் உள்ள நீரைக் காப்பாற்றும் வழி.

தீ கடைவது உண்மையில் முடிகிற காரியமா? எந்த மரம் வேண்டும்?

முடியும். நம் மரபிலும் இது புதிதன்று. சங்கப் பாடல்களில் ஆயர்கள் தீ உண்டாக்கிய கோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். தீக்கடைக்கோல் என்றாலும் அதுவே. வேள்விக்கு உரிய அரணிக்கட்டையை அரச மரத்திலும் வன்னி மரத்திலும் செய்யும் வழக்கம் உண்டு. கையேடுகள் பரிந்துரைக்கும் வில்லோ, சீடார் மரங்களைத் தேடி அலைய வேண்டாம். அவை ஏன் பரிந்துரைக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். கட்டை இலகுவாக, பிசினில்லாமல், நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் பொடிந்து போகக் கூடாது. என் தோட்டத்தில் வேலியோரம் நின்று காய்ந்த பூவரசங்கிளை இதற்கு ஒத்துவந்தது.

அடிப்பலகையில் ஒரு குழி, அதில் நிற்கும் கடைகோல், கோலைச் சுற்றிய கயிற்றைக் கொண்ட வில், மேலே அழுத்திப் பிடிக்க ஒரு தாங்கி ஆகிய நான்குமே உறுப்புகள். தாங்கிக்குக் கையேடு கல்லையோ எலும்பையோ சொல்லும். நான் தேங்காய்ச் சிரட்டைத் துண்டில் சிறிது எண்ணெய் தடவிப் பயன்படுத்துகிறேன். குழி சற்றுக் கருகியதும், அதன் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு ஆப்பு வடிவில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான். வெட்டு இல்லாவிட்டால் தூள் சேராது. தூள் ஓரிடத்தில் குவியாவிட்டால் எவ்வளவு புகைந்தாலும் கங்கு பிறக்காது. தூளின் நிறத்தைக் கவனியுங்கள். வெளிர்பழுப்பாக வந்தால் அழுத்தமும் வேகமும் போதவில்லை. காப்பித் தூளைப் போலக் கருத்து வர வேண்டும். கோலை எடுத்த பிறகும் தூள்குவியலிலிருந்து தானாகவே மெல்லிய புகை எழுந்தால் கங்கு பிடித்துவிட்டது. அப்போது அவசரப்பட்டு ஊதாமல், அரை நிமிடம் அதை அப்படியே விட்டு, பிறகு தேங்காய் நாரைக் கசக்கிச் செய்த கூட்டுக்குள் மெதுவாகத் தட்டிவிட வேண்டும். முதல் கங்கு எனக்குப் பல நாள் உள்ளங்கைக் கொப்புளங்களுக்குப் பிறகே கிடைத்தது. அன்று அந்தக் கூட்டைக் கையில் ஏந்தி ஊதி, அது ஒரு கணத்தில் சுடராக எழுந்தபோது அடைந்த மகிழ்ச்சியை எந்தப் பக்கத்திலும் படித்ததில்லை.

ஆனாலும் முதலில் பழக வேண்டியது இதுவன்று. ஐப்பசி அடைமழையில், ஒரே ஒரு தீக்குச்சியைக் கொண்டு தீ மூட்டப் பழகுங்கள். தரையில் கிடக்கும் சுள்ளி நனைந்து ஊறியிருக்கும். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் விரல் பருமன் கிளைகள் உள்ளே காய்ந்திருக்கும். பெரிய விறகைப் பிளந்தால் நடுவில் ஈரமிராது. அந்த நடுப்பகுதியைச் சுருள் சுருளாகச் சீவிக்கொள்ளுங்கள். தென்னையின் உச்சியில் மட்டைகளுக்கு இடையே இருக்கும் பன்னாடை, பாளை, இலவம்பஞ்சு, எருக்கம்பஞ்சு ஆகியவை நமக்கு வாய்த்த செல்வங்கள். பஞ்சு கணத்தில் எரிந்து அணைந்துவிடும் என்பதால் அதை நாரோடு கலந்து வைக்க வேண்டும்.

கயிறு திரிக்க நம் ஊரில் எது உகந்தது?

இந்த ஒரு பாடத்தில் கையேடுகளைவிட நம் ஊர்ப் பெரியவர்களே தேர்ந்தவர்கள். பனைநார், ஆத்திநார், தாழைநார், புளிச்சைநார், வாழைநார், ரயில் கற்றாழை நார் என்று பட்டியல் நீளும். ரயில் கற்றாழையின் சாறு தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும் என்பதால் கையுறை இல்லாமல் பச்சையாகச் சிதைக்க வேண்டாம். வாழைநார் பூக்கட்ட உதவும். பாரம் தாங்க உதவாது.

முறை எளியது. ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, முறுக்கிய இரு புரிகளையும் அதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று சுற்ற வேண்டும். இரு முறுக்கும் ஒன்றையொன்று பிரியவிடாமல் பூட்டிக்கொள்கின்றன. நார் தீர்ந்த பிறகு புதிய நாரைச் சேர்க்காமல், தீர்வதற்கு நான்கு விரல்கடை முன்னதாகவே சேர்த்துவிடுங்கள். இரு புரியிலும் ஒரே இடத்தில் சேர்த்தால் கயிறு அங்கேதான் அறும். திரித்த கயிற்றில் நீர் நிறைந்த குடத்தைத் தொங்கவிட்டு ஓர் இரவு விட்டுவைத்துப் பாருங்கள்.

ஓடைநீரை அப்படியே குடிக்கலாமா? தேற்றாங்கொட்டை போதுமா?

எவ்வளவு தெளிவாக ஓடினாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. நன்றாகக் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பிறகு 1 நிமிடம் போதும். ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், அதாவது உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில், 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதே காரணம்.

கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைக்கும் வழக்கம் மிகப் பழையது; சங்கப் பாடலில் உவமையாகவே வந்திருக்கிறது. கொட்டையிலிருந்து வரும் பொருள் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கிறது. முருங்கை விதைத் தூளும் இதையே செய்யும். ஆனால் தெளிந்த நீர் தூய நீராகிவிடாது; தெளியவைத்த பிறகு கொதிக்க வைத்தே ஆக வேண்டும். விறகு இல்லாத இடத்தில், நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைத்தாலும் கிருமிகள் பெருமளவு அழியும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லாத நமக்கு இது நன்றாகவே பொருந்தும்.

புத்தகத்தில் உள்ளபடி துருவ நட்சத்திரத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஏன்?

பிழை உங்களுடையதன்று. ஓரிடத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறத்தாழ அந்த இடத்தின் அட்சரேகை. இலண்டனில் அது 51 பாகை உயரத்தில், பாதி வானத்துக்கும் மேலே நிற்கும். கோயம்புத்தூரில் 11 பாகைதான். கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அது மறைக்கும் அளவு ஏறத்தாழ 10 பாகை. அந்த ஒரு முட்டி உயரத்துக்குள் மலையும் மரமும் பனியும் நிற்கின்றன. ஆகவே நமக்குத் தோதானது ஓரியன் என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். திருவாதிரைக்குச் சற்றே தெற்கில் அவற்றைக் காணலாம். அவை வானத்தின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும். மார்கழி மாலையில் கிழக்கிலும் சித்திரை மாலையில் மேற்கிலும் பார்க்கலாம். சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவையும் தெரியும்.

பகலுக்குச் சொல்லப்படும் வழிகளிலும் இதே சிக்கல் உண்டு. ‘நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்’ என்று கையேடு சொல்கிறது. கோயம்புத்தூரில் ஏறத்தாழ ஏப்ரல் 18-ஆம் தேதி வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் 24 வாக்கு வரை உச்சிக்கு வடக்கே செல்கிறது. அந்த நான்கு மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். புத்தகத்தை நம்பியவர் நேர் எதிர்த்திசையில் நடப்பார். கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடிக்கும் முறையும், சூரியன் தலைக்கு மேலே நிற்கும் நம் நாட்டில் உதவாது. சோலைக்காட்டில் பாசி மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் படர்ந்திருக்கும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

எந்த மாதத்திலும் பிழைக்காத முறையொன்று நம் சிற்பிகளிடம் இருந்தது. சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைவார்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் புள்ளியையும், பிற்பகலில் தொட்டு வெளியேறும் புள்ளியையும் குறித்து, இரண்டையும் கோடிட்டு இணைத்தால் அதுவே கிழக்கு மேற்கு. கோயிலுக்குத் திசை பார்க்க நட்ட அந்தக் கோலுக்குச் சங்கு என்று பெயர். மொட்டைமாடியில் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து, காந்த ஊசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிக் கையேட்டில் பல பக்கம் இருக்கலாம். தமிழ்நாட்டில் அது ஓரிரு பாகைதான் என்பதால் நடைபயணத்துக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நீர்நிலைக்கு அருகே, சருகு மெத்தையில் உறங்கச் சொல்கிறதே புத்தகம்?

நம் காட்டில் இரண்டுமே தவறு. நீர் இருக்கும் இடத்துக்கு யானை வரும், கரடி வரும், இரவில்தான் வரும். தேய்ந்து அகன்ற, சாணம் கிடக்கும் தடம் எதுவாயினும் அதன் அருகில் தங்காதீர்கள். காய்ந்து கிடக்கும் ஓடைப்படுகை மெத்தென்ற மணலாக இருந்தாலும் அங்கே படுக்கக் கூடாது. மேலே மலையுச்சியில் பெய்த மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே காட்டாற்று வெள்ளமாக வந்து சேரும். நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அறிகுறிகள். அப்போது பொருள்களை எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும்.

சருகு மெத்தை குளிர்நாட்டில் உடல்வெப்பத்தைக் காக்கும். இங்கே தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் வீடாகும். கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். அதன் கடி வலிக்காது, வீங்கவும் வீங்காது என்பதால் பலர் விழித்துக்கொள்வதே இல்லை. விடியலில் வயிற்றுவலியோடும் இமைகள் தாழ்ந்தும் எழுபவருக்குக் கடிபட்டதே தெரியாது. தரையிலிருந்து உயர்ந்த படுக்கையும், விளிம்புகள் நன்றாகச் செருகப்பட்ட கொசுவலையும் இதற்குத் தக்க காப்பு. தினைப்புனம் காத்தவர்கள் பரண் கட்டியது வேடிக்கைக்காக அன்று. கூரைக்குத் தார்ப்பாய் போதும். சரிவு அதிகமாக இருக்கட்டும். படுக்கும் முன் மேலே பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். காலையில் காலணியைத் தட்டிவிட்டு அணியுங்கள்.

பாம்பு கடித்துவிட்டால்?

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ தட்டையான ஒரு கட்டையை வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, பாம்புக்கடி முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும், 108-ஐ அழையுங்கள். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல் ஆகிய எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துவரவும் வேண்டாம்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே முறிமருந்துதான் இந்தியாவில் தரப்படுகிறது. அம்மருந்துக்கான நஞ்சைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் எடுத்துத் தருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. புதர்களில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு பூச்சியின் கடியால் வருவது அது. காட்டிலிருந்து திரும்பிய ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால், புதரில் உட்கார்ந்ததையும் படுத்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு போன்ற மடிப்புகளில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் எளிதில் தீரும் நோய் இது.

அறியாத தாவரத்தைச் சிறிது சிறிதாகத் தின்று சோதிக்கும் முறை சரியா?

தோலில் தேய்த்து, உதட்டில் வைத்து, நாக்கில் வைத்து, பிறகு சிறிது விழுங்கிப் பார்க்கச் சொல்லும் அந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நம் காட்டில் ஒன்றிரண்டு விதையே உயிரைக் குடிக்கும் செடிகள் இருக்கின்றன: மென்று விழுங்கிய குன்றிமணியும் எட்டிக்கொட்டையும் அத்தகையவை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை உண்ணத்தக்க காட்டுக்கிழங்கு என்று தவறாக நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. உடலில் நஞ்சு வேலை செய்யச் சில மணி நேரம் ஆவதால், ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று மேலும் தின்பது எளிது. அரளிக் குச்சியில் எதையும் குத்திச் சுடாதீர்கள். காளானைத் தொடவே வேண்டாம். நம் ஊர்க் காட்டில் வழி தவறியவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் கண்டுபிடிக்கப்பட்டுவிடுவார். அவ்வளவு காலம் பட்டினி கிடந்தால் எந்த உடலும் அழியாது.

தாவரம் கற்க விரும்பினால் ஆண்டுக்குப் பத்துச் செடி போதும். ஒவ்வொன்றையும் தளிர், பூ, காய், காய்ந்த நிலை என எல்லாப் பருவத்திலும் பார்த்துப் பழகுங்கள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்ன கபிலரும் அவற்றை ஏட்டில் பார்த்திருக்க முடியாது.

எங்கே பயிற்சி செய்வது? காப்புக்காட்டுக்குள் கூடாரம் போடலாமா?

போடக் கூடாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் மரம் வெட்டுவதும் குற்றம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த மலைப்புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. கோடைக்காட்டில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்பதை அதன்பிறகு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காட்டில் நடக்க விரும்புவோருக்கு, வனத்துறையின் வழியே முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்லும் 40 மலைப்பாதைகள் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டன. நடப்பதற்கும் பார்ப்பதற்கும் அவை. தீயையும் கத்தியையும் பழகத் தோட்டம், வயல், வீட்டுக் கொல்லை போதும். கருவிக்காகவும் அலைய வேண்டாம். கையேட்டில் புகழப்படும் விலையுயர்ந்த கத்தி செய்யும் வேலையில் பெரும்பகுதியை, நம் கொல்லர் அடித்த சிறு அரிவாள் செய்யும். அதைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். பேருந்தில் பைக்குள் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டாம்.

பழங்குடி மக்களிடம் சென்று கற்கலாமா?

அவர்கள் விரும்பினால், அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுத்து, அவர்கள் காட்டும் அளவுக்கு. நீலகிரியின் குறும்பர்கள் காட்டுக்கொடிகளால் ஏணி கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கித் தேன் எடுப்பவர்கள். அதை ஒரு வார இறுதியில் கற்றுவிட எண்ணுவது அந்த அறிவை மதிப்பதாகாது. 1987-இல் அகத்தியமலையில் காணிக்காரர்கள் களைப்புத் தீரத் தின்ற ஒரு செடியின் காயைக் கூடவந்த அறிவியலாளர்களுக்குக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து பிறகு மருந்து செய்யப்பட்டு, வருவாயில் ஒரு பங்கு காணிக்காரர்களுக்கும் தரப்பட்டது. கற்றுக்கொண்டதைக் காணொளியாக்கி வெளியிடும் முன், இது யாருடைய அறிவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வழி தவறிவிட்டால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கலாமா?

1971-இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நடந்த விமான விபத்தில் தப்பிய 17 வயது யூலியானே கோப்கே, ஓடையைப் பின்பற்றி 11-ஆம் நாள் மனிதர்களை அடைந்தார் என்பதைக் கையேடுகள் விரும்பிச் சொல்கின்றன. அவர் அந்தக் காட்டின் ஆய்வு நிலையத்தில் பெற்றோரோடு வாழ்ந்தவர். அது சமவெளிக் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையைப் பிடித்து இறங்கினால் அருவியின் விளிம்பில்தான் பெரும்பாலும் போய் நிற்போம். நில், நினை, நோக்கு, திட்டமிடு என்ற நான்கு சொல்லை மனனம் செய்துகொள்ளுங்கள். கடைசியாக வழி தெரிந்த இடத்துக்குத் திரும்ப முடியாவிட்டால், இருந்த இடத்திலேயே நிழலில் இருந்து, மும்மூன்றாக ஊதலை ஊதுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் தேடி வருவார்கள். அலைபேசியில் ஒரு கோடு கிடைத்தாலும் 112-ஐ அழையுங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வாங்கிவிடாதீர்கள்.

குழந்தைகளுக்கு எதைச் சொல்லித் தருவது?

1981-இல் கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் முகாமிலிருந்து விலகிக் காணாமல் போனான். தேடியவர்கள் பலர் இருந்தும் அவன் நகர்ந்துகொண்டே இருந்ததால் உயிரோடு கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பிறகு அங்கே குழந்தைகளுக்கு ஒரே ஒரு பாடத்தை முதன்மையாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள்: வழி தெரியவில்லை என்றால் அருகில் இருக்கும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. என் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். கழுத்தில் ஓர் ஊதல், தோளில் ஒரு தண்ணீர்ப் புட்டி, பளிச்சென்ற நிறத்தில் சட்டை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பதில் குரல் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேடி வருபவர் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாத ஒருவராகத்தான் இருப்பார்.